வேலையை விடப்போவதை முதலாளியிடம் எந்த நாளில் சொல்வது?

கேள்வி, 2025 ஆகஸ்ட் 9

கொருக்குப்பேட்டை வாசகர் ஒருவர் எழுதியது: "மண்ணடியில், சரக்குகளுக்குச் சுங்க வேலைகளை முடித்துக் கொடுக்கும் ஒரு கஸ்டம்ஸ் புரோக்கர் அலுவலகத்தில் 2021 ஜனவரியில் சேர்ந்தேன். மொத்தம் பதினான்கு பேர் வேலை செய்கிறோம். என் அடிப்படைச் சம்பளம் 18,000 ரூபாய். கிண்டியில் ஒரு சரக்கு நிறுவனத்தில் வேலை தருவதாக வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார்கள். தங்கை கல்யாணத்துக்கு வாங்கிய முன்பணத்தில் 40,000 ரூபாய் இன்னும் பாக்கி இருக்கிறது. முதலாளி என் அப்பாவுக்குப் பழக்கமானவர். போகப்போவதை இப்போதே சொல்லிவிடுவதுதான் நேர்மை என்கிறார் அப்பா. தீபாவளிப் பணம் கைக்கு வரும்வரை வாயைத் திறக்காதே என்கிறார்கள் நண்பர்கள். யார் சொல்வதைக் கேட்பது?"

ஆகஸ்ட் 10

தம்பி, இப்போதைக்கு இருவர் சொல்வதையும் கேட்க வேண்டாம். முதலாளியிடம் சொல்வதற்கு உங்களிடம் இன்னும் செய்தி எதுவும் இல்லை. கிண்டியில் யாரோ ஒருவர் "வந்துடுங்க, பார்த்துக்கலாம்" என்று சொன்னதை வேலை என்று எண்ணிக்கொண்டு இங்கே இருக்கும் நாற்காலியை ஆட்டிப் பார்க்காதீர்கள். சம்பளம், சேரும் தேதி, பதவி ஆகிய மூன்றும் எழுதப்பட்டுக் கையெழுத்தோடு கைக்கு வந்த பிறகுதான் "எப்போது சொல்வது" என்ற கேள்வியே பிறக்கிறது.

லிங்கிச் செட்டித் தெருவிலும் பிறகு ராயபுரத்திலும் பல ஆண்டுகள் கணக்கு எழுதியவன் நான். சம்பளப் பட்டியல் போடுவதும், வேலையை விட்டுப் போகிறவர்களுக்குக் கணக்கு முடித்துக் கொடுப்பதும் என் பொறுப்பாக இருந்தன. அந்த அலுவலகங்களில் ஒன்றில் ஓர் ஊழியர், துபாயில் வேலை ஏறக்குறைய உறுதி என்ற நிலையிலேயே, நல்ல மனத்தோடு முதலாளியிடம் ஆறு மாதம் முன்னதாகச் சொல்லிவிட்டார். அந்த ஏப்ரல் மாதச் சம்பள உயர்வுப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. அவருடைய பக்கத்து நாற்காலியில் ஒரு புதுப்பையன் உட்கார்ந்து வேலை கற்றுக்கொள்ளத் தொடங்கினான். விசா தள்ளிக்கொண்டே போய், கடைசியில் வரவே இல்லை. முதலாளி கொடுமைக்காரர் அல்லர். போகப்போகிறவருக்கு எதற்கு உயர்வு என்று கணக்குப் பார்த்தார், இரண்டு பேருக்குச் சம்பளம் எதற்கு என்றும் பின்னால் கணக்குப் பார்த்தார். அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் முதல் கணக்கையாவது போட்டிருப்பேன்.

எண்ணம் வேறு, முடிவு வேறு. எண்ணத்தைச் சொல்ல வேண்டிய கடமை எவருக்கும் இல்லை. முடிவைச் சொல்வதில் தாமதம் கூடாது.

ஆகஸ்ட் 10, இரவு

அப்பாவின் பேச்சை நான் தள்ளிவிட்டதாக நினைக்க வேண்டாம். மனத்தில் ஓடுவதைச் சொல்லாமலிருப்பது பொய் ஆகாது. முகத்துக்கு நேரே கேட்கும்போது "அப்படியெல்லாம் எதுவும் இல்லை சார்" என்று சத்தியம் செய்வதுதான் பொய். மண்ணடியில் கேட்காமல் விடமாட்டார்கள். அப்போது, "வேறு இடம் பார்ப்பது உண்மைதான், முடிவானால் முதலில் உங்களிடம்தான் சொல்வேன்" என்று சொல்லிவிட்டு, சொன்னபடி நடந்துகொள்ளுங்கள். இதைச் சொல்வதற்குக் கொஞ்சம் நெஞ்சழுத்தம் வேண்டும். ஆனால் பின்னால் உங்கள் அப்பா அவரை ராயபுரம் சந்தையில் பார்க்கும்போது தலைகுனிய வேண்டியிருக்காது.

ஆகஸ்ட் 16

இனி பணக் கணக்கு. நண்பர்கள் சொல்வதில் பாதிதான் உண்மை. அவர்கள் போனஸை மட்டும் பார்க்கிறார்கள். உங்களுக்கு அதைவிடப் பெரிய தொகை ஒன்று வாசலில் நிற்கிறது.

போனஸ் சட்டம் 1965-இல் வந்தது. குறைந்தபட்சம் 8.33 விழுக்காடு, அதிகபட்சம் 20 விழுக்காடு. கணக்காண்டில் 30 நாள் வேலை செய்திருந்தாலே அந்த ஆண்டுக்குரிய போனஸில் உரிமை உண்டு. கணக்காண்டு முடிந்து எட்டு மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். ஏப்ரல் முதல் மார்ச் வரை கணக்கு வைக்கும் இடங்களில் நவம்பர் இறுதி அதன் எல்லை. ஆகவே மார்ச் வரை உழைத்துவிட்டு ஆகஸ்டில் விலகியவருக்கும் அது சேர வேண்டிய பணம்தான். திருட்டு, மோசடி, வன்முறை போன்ற காரணங்களுக்காக வேலைநீக்கம் செய்யப்பட்டவர்தான் அதை இழப்பார். ராஜினாமா செய்தவர் அந்தப் பட்டியலில் இல்லை. இவையெல்லாம் நல்ல செய்திகள். கெட்ட செய்தி என்னவென்றால், இந்தச் சட்டம் பொதுவாக 20 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்களுக்கு உரியது. உங்கள் அலுவலகத்தில் பதினான்கு பேர். அங்கே தீபாவளிக்குக் கொடுப்பது முதலாளி மனமுவந்து கொடுக்கும் வழக்கமே தவிர, நீங்கள் வழக்குப் போட்டு வாங்கக்கூடியதாக இருக்காது. அந்த அளவில் நண்பர்கள் சொல்வது சரி: போகிறவருக்கு வழக்கத்தை யாரும் நீட்டிக்க மாட்டார்கள்.

அந்தப் பெரிய தொகைதான் பணிக்கொடை, அதாவது வேலையை விடும்போது உழைத்த ஆண்டுகளுக்காகக் கிடைக்கும் கிராஜுவிட்டி. அதற்கான சட்டம் 1972-இல் வந்தது. அதற்குப் பத்துப் பேர் போதும். பிறகு எண்ணிக்கை குறைந்தாலும் சட்டம் விலகாது. ஆகவே நீங்கள் அதற்குள் வருகிறீர்கள். கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்தால் ஓராண்டுக்குரிய தொகை கிடைக்கும். உங்கள் 18,000 ரூபாய்க்கு அது ஏறத்தாழ 10,385 ரூபாய். ஐந்தாண்டுக்கு ஏறத்தாழ 51,900 ரூபாய். இதன் உச்சவரம்பு 20 லட்சம் ரூபாய். மண்ணடியில் அந்த வரம்பில் தலை இடித்துக்கொண்டவர் எவரையும் நான் பார்த்ததில்லை.

இதற்கு ஐந்தாண்டுத் தொடர்பணி வேண்டும். உங்களுக்கு வரும் ஜனவரியில்தான் ஐந்தாண்டு நிறைகிறது. இன்று கடிதம் கொடுத்து ஒரு மாதத்தில் வெளியேறினால், 51,900 ரூபாயை மேசைமேல் வைத்துவிட்டுப் போகிறீர்கள் என்று பொருள்.

ஆகஸ்ட் 17

"நான்கு ஆண்டு 240 நாள் போதும் என்று தீர்ப்பு இருக்கிறதே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இருக்கிறது, ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தால் அந்த ஆண்டும் தொடர்பணியாகக் கொள்ளப்படும் என்று நம் சென்னை உயர் நீதிமன்றமே மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சொல்லியிருக்கிறது. வாரத்தில் ஆறு நாளுக்குக் குறைவாக இயங்கும் இடத்தில் 190 நாள் போதும். சம்பளத்தோடு கூடிய விடுப்பும் கணக்கில் சேரும். ஆனால் தீர்ப்பு இருப்பது வேறு, உங்கள் கணக்கர் அதைப் படித்திருப்பது வேறு. பல இடங்களில் ஐந்து முழு ஆண்டு என்றுதான் இன்னும் சாதிக்கிறார்கள். வழக்கு நடத்தும் தெம்பும் ஓய்வும் இருப்பவர் 240 நாளை நம்பிப் புறப்படலாம். கிண்டி நிறுவனம் ஜனவரி வரை பொறுக்குமானால் பொறுத்துக்கொள்வதே எனக்கு உகந்ததாகப் படுகிறது.

ஆகஸ்ட் 18

கிண்டிக்காரர் பொறுப்பாரா என்பதை நீங்கள்தான் கேட்க வேண்டும். கேட்டதற்கே கோபித்துக்கொள்ளும் நிறுவனமென்றால், அங்கே சேருவதைப் பற்றி மறுபடி யோசிப்பது நல்லது.

செப்டம்பர் 2

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் துணிக்கடையொன்றில் விற்பனையில் இருக்கும் பெண் ஒருவர் எழுதியிருக்கிறார். மூன்று மாதக் கர்ப்பிணி. குழந்தை பிறந்த பிறகு வேலைக்கு வரும் எண்ணம் இல்லை. தீபாவளிக் கூட்டம் தொடங்குவதற்குள் முதலாளிக்கு அதைச் சொல்லிவிடுவதுதானே முறை என்கிறார்.

அம்மா, கர்ப்பத்தைச் சொல்லுங்கள், எண்ணத்தைச் சொல்லாதீர்கள். கர்ப்பத்தைச் சொன்னால்தான் மேல்தட்டிலிருந்து புடவைக் கட்டுகளை இறக்கும் வேலையை வேறொருவருக்கு மாற்றுவார்கள். எட்டு மணி நேரம் நிற்பதற்கு நடுவே உட்கார ஒரு முக்காலி கேட்கலாம். மகப்பேறு நலச் சட்டத்தின்படி, பிரசவத் தேதிக்கு முந்தைய பன்னிரண்டு மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால், முதல் இரண்டு பிரசவங்களுக்கும் 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. விடுப்பில் இருக்கும்போது வேலையை விட்டு நீக்குவது சட்டவிரோதம். ஆனால் நீங்களே முந்திக்கொண்டு ராஜினாமா கொடுத்துவிட்டால், நீக்கினார்கள் என்று எதைச் சொல்வீர்கள்? இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டில் இருந்தால் பணத்தைக் கொடுப்பது கடைக்காரர் அல்லர், அந்தக் காப்பீட்டுக் கழகம்தான். அப்போது அவர் கணக்குப் பார்க்க வேண்டிய காரணமும் குறைவு. சம்பளச் சீட்டில் அந்தப் பிடித்தம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அயனாவரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனை உங்களுக்குத் தொலைவும் இல்லை.

திரும்பி வரமாட்டேன் என்று இன்று தோன்றுவது குழந்தைக்கு ஐந்து மாதம் ஆகும்போது எப்படித் தோன்றும் என்பதை இப்போது எவராலும் சொல்ல முடியாது. என் வீட்டிலேயே அந்த எண்ணம் இரண்டு முறை மாறியது.

செப்டம்பர் 3

நேற்றைய குறிப்புக்கு, "இது முதலாளியை ஏமாற்றுவது ஆகாதா" என்று ஒரு கண்டனம் வந்திருக்கிறது. அவருக்கு என் பதில் இதுதான்: அடுத்த ஆண்டு அந்தக் கடையின் ஒரு கிளையை மூடும் எண்ணம் முதலாளிக்கு இருந்தால், அதை விற்பனைப் பெண்களிடம் இந்த ஆவணியிலேயே சொல்வாரா? சொல்லமாட்டார். அதில் நான் தவறும் காணமாட்டேன். எண்ணத்தைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் உரிமை இரு பக்கத்துக்கும் ஒன்றுதான்.

செப்டம்பர் 4

மறைப்பதென்று முடிவெடுப்பவர்கள், மறைக்கவும் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் அலுவலகத்தில் ஒருவர் செவ்வாய்க்கிழமையன்று முகம் மழித்து, இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையோடு வந்து, மதியம் "பல்வலி" என்று அரைநாள் விடுப்புக் கேட்டார். எடுபிடிப் பையனே, "எந்தக் கம்பெனி அண்ணே?" என்று கேட்டுவிட்டான்.

செப்டம்பர் 21

கேள்வி கேட்டவருக்குக் கிண்டியிலிருந்து கடிதம் வந்துவிட்டதாம். ஜனவரி இறுதியில் சேரலாம் என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டே கொடுத்திருக்கிறார்கள். நியமனக் கடிதத்தின்படி இங்கே முன்னறிவிப்பு ஒரு மாதம். "அப்படியானால் டிசம்பர் இறுதிவரை சொல்லாமல் இருக்கட்டுமா" என்கிறார்.

இந்த இடத்தில்தான் எனக்கு இரண்டாவது யோசனை வருகிறது. ஆகஸ்டில் எண்ணம், முடிவு என்று இரண்டாகப் பிரித்தேன். முடிவைச் சொல்வதில் தாமதம் கூடாது என்றும் எழுதினேன். அந்த விதியை அப்படியே வைத்தால் இன்றே சொல்ல வேண்டும். ஆனால் இன்று சொன்னால், ஜனவரிக்கு முன்பே "உடனே கிளம்பு" என்று சொல்லிவிடக்கூடிய முதலாளியும் உண்டு. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-இன் 41-ஆம் பிரிவின்படி, ஆறு மாதத்துக்குக் குறையாமல் வேலை செய்தவரைத் தக்க காரணமும் ஒரு மாத முன்னறிவிப்பும் இல்லாமல், அல்லது அந்த மாதச் சம்பளம் கொடுக்காமல், அனுப்ப முடியாது. அந்த ஒரு மாதச் சம்பளத்தை எண்ணி வைத்துவிட்டு அனுப்பினால் அது செல்லுமா என்று வாதாடலாம். ஆனால் வாதாடி முடிப்பதற்குள் பணிக்கொடைக்குரிய தேதி உங்கள் கையை விட்டுப் போயிருக்கும். ஆகையால் தாமதம் கூடாது என்பதைவிட, தாமதத்தால் யாருக்கு என்ன சேதம் என்று பார்ப்பதே சரியான அளவுகோல்.

உங்கள் தொழிலில் அந்தச் சேதம் கண்ணுக்குத் தெரிவது. உங்கள் பெயரில் இருக்கும் சுங்க அடையாள அட்டை அலுவலகம் விண்ணப்பித்து வாங்கியது; விலகும்போது திருப்பிக் கொடுக்க வேண்டும், புதிய ஆளுக்குப் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். சுங்கத்துறையின் இணையதளமான ஐஸ்கேட்டின் கடவுச்சொற்கள், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் எந்த மேசை இழுப்பறையில் இருக்கிறது என்பது, எந்த வாடிக்கையாளர் எந்தச் சரக்குக்குச் சலுகைச் சான்று தராமல் இழுத்தடிக்கிறார் என்பது, ராஜாஜி சாலை கஸ்டம்ஸ் ஹவுஸில் எந்தக் கோப்பு எந்த மேசையில் கேள்விக்குறியோடு நிற்கிறது என்பது: இவையெல்லாம் உங்கள் தலைக்குள் இருக்கின்றன. ஒருவர் நான்கு இறக்குமதிக் கோப்புகளைப் பாதியில் விட்டு மாதச் சம்பளம் வந்த மறுநாள் காணாமல் போனதையும், மணலி சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டில் அந்தப் பெட்டிகள் இலவச நாட்களைத் தாண்டி நின்று வாடகை ஏறியதையும் நான் கணக்கில் எழுதியிருக்கிறேன். அதை வாடிக்கையாளர் கட்டவில்லை, முதலாளிதான் கட்டினார். பத்து மாதம் கழித்து அந்த ஊழியர் வேறோர் இடத்தில் சேரப் போனபோது, அங்கிருந்து விசாரிக்க வந்த தொலைபேசி அழைப்பை எடுத்ததும் அதே முதலாளிதான்.

ஆகவே கோப்புகளை இன்றே சீர்செய்யத் தொடங்குங்கள். ஒவ்வொரு சரக்கின் நிலையும் எவர் பார்த்தாலும் புரியும்படி எழுதி வையுங்கள். டோக்கனும் கடவுச்சொல்லும் இன்னொருவருக்கும் தெரியும்படி முதலாளியின் அனுமதியோடு ஏற்பாடு செய்யுங்கள். இதற்கு ராஜினாமா அறிவிப்புத் தேவையில்லை. உங்கள் மௌனத்தால் விளையும் சேதத்தை நீங்களே குறைத்துவிட்டால், மௌனம் இன்னும் சில வாரம் நீடிப்பதில் குறையொன்றும் இல்லை.

செப்டம்பர் 21, மீண்டும்

மௌனம் நீடிக்குமா என்பது வேறு கேள்வி. தம்புச் செட்டித் தெருவில் காலை பத்து மணிக்கு ஒருவர் சொன்னது, பதினொன்றரைத் தேநீருக்குள் பாரிமுனையைச் சுற்றிவிடும். உங்கள் தொழிலில் புதிய முதலாளியும் பழைய முதலாளியும் ஒரே கவுன்டரில் வரிசையில் நிற்பவர்கள். கிண்டி நிறுவனத்தின் ஆள் கஸ்டம்ஸ் ஹவுஸ் வாசலில் உங்கள் பெயரைச் சொன்ன அன்றைக்கே நீங்களும் சொல்லியாக வேண்டும். பிறர் வாயால் கேட்ட முதலாளிக்கும் உங்கள் வாயால் கேட்ட முதலாளிக்கும் கணக்கு முடித்துக் கொடுக்கும் நாளில் உள்ள வேறுபாடு மிகப் பெரிது. பின்னவர் பெரும்பாலும் சம்பளத்தோடு ஒரு வேட்டியும் கொடுத்து அனுப்புவார். முன்னவருக்கு உங்கள் கோப்புகளில் இல்லாத பிழையெல்லாம் தெரியத் தொடங்கும்.

அக்டோபர் 5

முன்பணம் பற்றி நான் இதுவரை எழுதவில்லை என்று நினைவூட்டியிருக்கிறார்கள். 40,000 ரூபாய் பாக்கியை வைத்துக்கொண்டு ராஜினாமாவைப் பற்றிப் பேசுவது எவருக்கும் நாக்கு எழும்பாத காரியம். சம்பளத்திலிருந்து முன்பணத்தைப் பிடித்துக்கொள்ள முதலாளிக்கு உரிமை உண்டு. பணிக்கொடை அப்படியல்ல. சேதம் விளைவித்ததற்காகவோ வன்முறைக்காகவோ ஒழுக்கக்கேட்டுக் குற்றத்துக்காகவோ வேலைநீக்கம் செய்யப்பட்டவரிடம்தான் அதை நிறுத்தி வைக்கலாம். ராஜினாமா செய்தவரிடம் "கடனுக்குச் சரியாகப் போயிற்று" என்று ஒருதலையாகச் சொல்ல முடியாது.

ஆயினும் என் ஆலோசனை சட்டத்தைக் காட்டுவதன்று. இந்த மாதம் தொடங்கிப் பிடித்தத்தை இரட்டிப்பாக்கச் சொல்லுங்கள். தீபாவளிக்கு வருவதில் ஒரு பகுதியைக் கட்டுங்கள். சொல்லப்போகும் நாளில் பாக்கி 10,000 ரூபாய்க்குள் இருந்தால், பேச்சு கடனைப் பற்றியதாக ஆகாது. பிடித்தத்தைக் கூட்டச் சொன்னதுமே முதலாளிக்குச் சந்தேகம் வருமே என்கிறீர்களா? வரும். வரட்டும். அவர் கேட்டால் என்ன சொல்வதென்று ஆகஸ்ட் 10 இரவே எழுதியிருக்கிறேன்.

அக்டோபர் 6

திருவொற்றியூரிலிருந்து பழைய மகாபலிபுரம் சாலைக்குப் போய்வரும் மென்பொருள்காரர் ஒருவர், "எங்களுக்கு முன்னறிவிப்பே மூன்று மாதம், உங்கள் மண்ணடிக் கதையெல்லாம் எதற்கு" என்கிறார். உண்மை. அவருக்குச் சொல்லும் நாள் பெரிய பிரச்சினையே இல்லை. புதிய இடத்துக் கடிதம் வந்த அன்றே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் புதிய இடம் தொண்ணூறு நாள் காத்திருக்காது, மீதி நாட்களைப் பணம் கொடுத்து வாங்க முடியுமா என்ற பேரத்துக்கே ஒரு மாதம் போய்விடும். ஒப்பந்தப் பத்திரத்தை மட்டும் ஒருமுறை படித்துக்கொள்ளுங்கள். குறிப்பிட்ட ஆண்டுகளுக்குள் விலகினால் இவ்வளவு பணம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை எங்குமே செல்லாது என்று பலரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். மூன்று ஆண்டுக்குள் விலகினால் 2 லட்சம் ரூபாய் என்ற ஒரு பொதுத்துறை வங்கியின் நிபந்தனை செல்லும் என்று இந்த ஆண்டு மே மாதம்தான் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேலைக்கு வந்தே ஆக வேண்டும் என்று எந்த நீதிமன்றமும் கட்டாயப்படுத்தாது. பணத்தைக் கட்டு என்று சொல்ல முடியும்.

அக்டோபர் 23

தீபாவளி போயிற்று. கேள்வி கேட்டவருக்கு வழக்கமான தொகை கிடைத்ததாம். பாதியை முன்பணத்தில் கட்டிவிட்டாராம்.

தீபாவளிக்கு மறுவாரம் வடசென்னை அலுவலகங்களில் ராஜினாமாக் கடிதங்கள் வரிசையாக வரும். எனக்கு அது ஒவ்வோர் ஆண்டும் சலிப்பூட்டிய வாரம். முதலாளிக்கும் அது தெரியும். அந்த வாரத்தில் கடிதம் கொடுப்பவர் எவராயினும், "காசு வாங்கிக்கிட்டு கிளம்பிட்டான்" என்ற ஒரே வாக்கியத்தில் அடங்கிவிடுவார். அவகாசம் இன்னும் இருப்பவர்கள் கார்த்திகை பிறக்கட்டும் என்று விட்டுவிடுவது நல்லது. மார்ச் மாதமும் வேண்டாம். ஆண்டுக் கணக்கு முடிக்கும் நெருக்கடியில் ஏற்றுமதிக்காரர்கள் எல்லோரும் ஒரே வாரத்தில் கப்பலில் ஏற்றப் பார்ப்பார்கள், அந்த நேரத்தில் விலகுகிறேன் என்று சொல்லும் ஊழியரை முதலாளி மறக்கமாட்டார்.

நாளைச் சொன்னதால் நேரத்தையும் சொல்லிவிடுகிறேன். கப்பலுக்குச் சரக்கு ஒப்படைக்கும் கெடு நாளில் வேண்டாம். காலையில், அவர் கஸ்டம்ஸ் ஹவுஸுக்குக் கிளம்பும் அவசரத்தில் வேண்டாம். சனிக்கிழமை மாலை, கணக்குப் புத்தகத்தை மூடிய பிறகு, கதவைச் சாத்திவிட்டு முதலில் வாயால் சொல்லுங்கள். கடிதத்தை அப்போது சட்டைப்பையிலிருந்து எடுக்காதீர்கள், திங்கட்கிழமை கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை அவருக்குத் தேவைப்படும்.

நவம்பர் 24

புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நான்கும் இம்மாதம் 21-ஆம் தேதி நடைமுறைக்கு வந்துவிட்டன. மேலே நான் எழுதிய போனஸ், பணிக்கொடை, மகப்பேறுச் சட்டங்கள் அவற்றுக்குள் அடக்கம். இந்தக் கேள்வி-பதில் இழைக்குத் தேவையான மாற்றம் ஒன்று உண்டு: ராஜினாமா செய்தவருக்கும் இனி இரண்டு வேலை நாட்களுக்குள் சம்பளப் பாக்கியைக் கொடுத்துவிட வேண்டும். பழைய சட்டத்தில் அந்த அவசரம் முதலாளி தானே வேலையை விட்டு அனுப்பியவருக்கு மட்டும்தான் இருந்தது. "ஃபுல் அண்ட் ஃபைனல் கணக்கு முடிக்க நாற்பத்தைந்து நாள் ஆகும்" என்று சொல்லியே பழகிய கணக்கர்களுக்கு இது கசக்கும். பணிக்கொடைக்கு முன்போலவே 30 நாள்.

நவம்பர் 27

"இனி ஓராண்டு வேலை செய்தாலே எல்லோருக்கும் பணிக்கொடை" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. என் மைத்துனரும் அதை எனக்கே அனுப்பியிருக்கிறார். அது எல்லோருக்கும் அல்ல. குறிப்பிட்ட காலத்துக்கென்று ஒப்பந்தம் போட்டு வேலைக்கு எடுக்கப்பட்டவர்களுக்குத்தான் ஓராண்டு. நிரந்தர ஊழியருக்கு ஐந்தாண்டு அப்படியேதான் இருக்கிறது. இந்தச் செய்தியை நம்பி இந்த வாரம் கடிதம் கொடுத்தவர் எவராவது இருந்தால், தன் நியமனக் கடிதத்தை எடுத்துப் பார்க்கட்டும்.

டிசம்பர் 29

கொருக்குப்பேட்டைத் தம்பி சொல்லிவிட்டாராம். சனிக்கிழமை மாலைதான். முதலாளி முதலில் சிறிது நேரம் பேசவில்லையாம். பிறகு 5,000 ரூபாய் கூட்டித் தருவதாகச் சொன்னாராம். இப்போது தம்பிக்குப் புதுக்குழப்பம்.

கூட்டித் தருவதாகச் சொல்லும்போது உள்ளே குளிரும்; அதை மறுக்கமாட்டேன். ஆனால் நீங்கள் போவது சம்பளத்துக்காகவா, வேலை கற்றுக்கொள்வதற்காகவா என்பதை நீங்கள் இந்த இழையில் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. சம்பளத்துக்காக மட்டும்தான் என்றால், கிண்டிக்குத் தினமும் போய்வரும் செலவையும் நேரத்தையும் கழித்துப் பாருங்கள். வேறு காரணம் என்றால், அந்த 5,000 ரூபாய் அதைத் தீர்க்காது. நான் கணக்குப் பார்த்த இடங்களில், கூட்டிக் கொடுத்ததற்காகத் தங்கியவர்களில் பெரும்பாலோர் அடுத்த தீபாவளிக்கு அங்கே இல்லை. அவர்களில் சிலர் தாமாகப் போனார்கள்.

எப்படியும் திங்கட்கிழமைக் கடிதத்தைத் தள்ளிப்போடாதீர்கள். வாயால் சொன்னதற்குத் தேதி கிடையாது. முன்னறிவிப்பு மாதம் கடிதத்திலிருந்துதான் ஓடும். பிரதியொன்றில் "பெற்றுக்கொண்டேன்" என்ற கையெழுத்தும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போடத் தயங்கினால், மின்னஞ்சலிலும் ஒன்று அனுப்பி வையுங்கள். கடைசி வேலை நாள் ஐந்தாண்டு நிறைந்ததற்குப் பிறகுதான் வருகிறதா என்று நியமனக் கடிதத் தேதியோடு ஒட்டிப் பாருங்கள். ஒரு வாரம் தள்ளிப் போடுவதால் எவருக்கும் நட்டமில்லை.

2026 ஜனவரி 8

மணலியில் ஒப்பந்தக்காரர் மூலம் ஆலையில் வேலை செய்யும் ஒருவர், யாரிடம் சொல்வதென்று கேட்கிறார். சம்பளச் சீட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரிடம் எழுத்தில், அதாவது ஒப்பந்தக்காரரிடம். ஆலையின் மேற்பார்வையாளரிடம் வாயால், அன்றைக்கே. ஆலைக்குள் நுழையும் கேட் பாஸைத் திருப்பிக் கொடுத்ததற்கு ரசீது வாங்க மறக்காதீர்கள். அது இல்லாமல் கடைசி மாதச் சம்பளம் நின்றுபோன கதைகளை எண்ணூர்ப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

ஜனவரி 11

கடைசியாக வந்த கேள்வி: கடிதம் கொடுத்த பிறகு மனம் மாறினால் திரும்பப் பெற முடியுமா?

1977-இல் அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர், ஆகஸ்ட் 1 முதல் விலகுவதாக மே மாதமே குடியரசுத் தலைவருக்குக் கடிதம் எழுதிவிட்டு, ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டார். விலகும் தேதி வருவதற்குள் திரும்பப் பெற்றது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1978-இல் சொன்னது. அது அரசியலமைப்புப் பதவி. ஆனால் எதிர்காலத் தேதியிட்ட ராஜினாமா அந்தத் தேதிவரை முடிந்துபோன காரியம் ஆகாது என்ற அதன் கருத்தைச் சாதாரண ஊழியர் வழக்குகளிலும் எடுத்துக்காட்டுகிறார்கள். எல்லா இடத்திலும் அது செல்லும் என்று எண்ண வேண்டாம். ஆறு மாத முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு, அது முடியும் தறுவாயில் திரும்பப் பெற்ற ஒரு விமானியின் வழக்கில், 2019-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அந்த ஆறு மாதமே நிறுவனம் வேறு ஆளைத் தயார் செய்துகொள்வதற்காக ஏற்பட்டது என்பதுதான் காரணம். மண்ணடியிலும் இது பொருந்தும்: புதுப்பையன் வந்து உட்கார்ந்துவிட்ட பிறகு திரும்பப் பெறுவது கடினம்.

ஆகவே கடிதத்தில் "உடனடியாக" என்ற சொல்லை எழுதாதீர்கள். கடைசி வேலை நாளைத் தேதியோடு எழுதுங்கள்.